இறுகிய மரை, இரண்டு தண்ணீர்

எஸ்பிரஸோ இயந்திரத்தின் எலிமென்ட் கழன்று வர மறுத்தால் பலத்தைக் காட்டிப் பயனில்லை. கேரள எல்லைக் கிராமங்களில் அதற்கான விடை பெரும்பாலும் கிணற்றில் இருக்கிறது.

ஆரியங்கோட்டுப் பக்கம் விடியல் சீக்கிரமே தொடங்கிவிடும். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். பால் வெட்டக் கிளம்புகிறவர்களுக்கு முதல் தேவை ஒரு சாயா. கடை முகப்பில் நின்று அதைக் கொடுத்துவந்தது சமோவர். களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் அதே பாத்திரத்துக்கு பாய்லர் என்று பெயர். செம்பிலோ பித்தளையிலோ அடித்த உடல், நடுவே ஒரு குழாய், குழாய்க்குள் கரி நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். சூடு குறைந்தால் சாம்பலைத் தட்டிப் புதுக் கரி போட்டால் போதும். சூடேற்றும் பகுதி ஒருபோதும் 'சிக்கிக்கொள்ளாது'. ஓட்டை விழுந்தால் பற்றவைக்கவும், உள்ளே ஈயம் பூசவும் ஆள் இருந்தார்கள்.

அந்தக் கடைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டுச் சமையலறையில் இன்று வேறொரு கொதிகலன் இருக்கலாம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்களின் பெட்டிகளில் வரும் சாமான்களில் எஸ்பிரஸோ காபி இயந்திரமும் சேர்ந்துவிட்டது. ஒன்றரை அடி உயரம்கூட இல்லாத, பளபளக்கும் பெட்டி. இரண்டு மூன்று வருடம் சமர்த்தாக வேலை செய்யும். பிறகு ஒரு நாள் காலை சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், பம்ப் உறுமும், வருவதோ பச்சைத் தண்ணீர். அல்லது சுவிட்சைத் தொட்டதுமே வீட்டின் மொத்த மின்சாரமும் அணைந்துவிடும். எலெக்ட்ரீஷியனின் தீர்ப்பு ஒரே வரியில் முடியும்: காயில் போய்விட்டது.

மாற்றக்கூடிய பாகம்தான். சிக்கல் அதை வாங்குவதில் இல்லை, பழையதை வெளியே எடுப்பதில் இருக்கிறது. எலிமென்ட்டின் பித்தளைத் தலை கொதிகலனோடு ஒன்றாக உறைந்துபோயிருக்கும். ஸ்பானரை மாட்டி இழுத்தால் கை வலிக்கும். இன்னும் நீளமான ஸ்பானரை மாட்டினால் கொதிகலன் கிழியும். நல்ல நிலையில் இருக்கும் இயந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

நீராவியிலிருந்து நிக்ரோமுக்கு

எஸ்பிரஸோவின் பிறப்பிடம் இத்தாலி. டூரின் நகரத்தில் ஆஞ்ஜலோ மொரியோண்டோ 1884இல் நீராவியால் காபி தயாரிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா 1901இல் அதை ஒவ்வொரு கோப்பையாக வடிக்கும் இயந்திரமாக்கினார். அந்த உரிமையை வாங்கி வியாபாரமாக்கியவர் தெஸிதேரியோ பவோனி. ஆரம்ப இயந்திரங்கள் சமோவரின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான்: நெடிதுயர்ந்த கொதிகலன், அடியில் எரிவாயு நெருப்பு. கல்யாண மண்டபங்களில் நுரை பொங்கப் பால் காபி தரும் நம்மூர் 'எஸ்பிரஸோ' இயந்திரம் இன்றும் ஏறத்தாழ அந்த வகையே. அது தருவது நீராவியில் நுரைத்த பாலும் காபிப் பொடியும். இத்தாலியர்கள் அதை எஸ்பிரஸோ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அவர்களுடைய எஸ்பிரஸோவுக்கு அழுத்தம் முக்கியம். ஆக்கில்லே காஜியா இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெம்புகோல் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 1961இல் ஃபாயெமா நிறுவனத்தின் 'ஈ 61' மின்சார பம்ப்பைப் பயன்படுத்தியது. அதே வருடம் லா பவோனியின் 'யூரோபிக்கோலா' நெம்புகோல் இயந்திரத்தை வீட்டு மேடைக்குக் கொண்டுவந்தது. சுமார் 9 பார் அழுத்தம், 90 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டிய வெந்நீர், அரை நிமிடத்துக்குள் ஒரு மிடறு காபி: இன்றைய எஸ்பிரஸோவின் இலக்கணம் இதுதான்.

கொதிகலன் வீட்டுக்குள் வந்தபோது நெருப்பு வெளியேறி மின்சாரம் உள்ளே வந்தது. சமோவரில் கரிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு செம்புச் சுவர் உண்டு. இங்கே சூடேற்றும் கம்பியே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. மனிதர் கை படும் உலோகப் பாத்திரம், உள்ளே தண்ணீர், அதன் நடுவே 230 வோல்ட். இந்த மூன்றையும் பிரித்து வைப்பது எலிமென்ட்டின் மெல்லிய உறையும் அதற்குள் நிரப்பிய வெள்ளைப் பொடியும் மட்டுமே.

தீர்ப்புக்கு முன் விசாரணை

எலிமென்ட்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். நடுவில் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிச் சுருள். அதைச் சுற்றி இறுக்கமாக அடைத்த மக்னீசியம் ஆக்சைடு பொடி. வெளியே செம்பு அல்லது எவர்சில்வர் உறை. மக்னீசியம் ஆக்சைடுக்கு அபூர்வமான குணம் ஒன்று உண்டு: சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. பலவீனமும் உண்டு: ஈரத்தை உறிஞ்சும்.

எலிமென்ட் இறப்பது இரண்டு விதமாக. ஒன்று, கம்பி அறுந்துபோவது. தண்ணீர் இல்லாமல் இயந்திரத்தை ஓட்டினால் இது நிமிடங்களில் நடக்கும். இன்னொன்று, உறையில் நுண்ணிய துளை விழுந்து தண்ணீர் உள்ளே கசிவது. அப்போது மின்சாரம் உடலுக்குக் கசியும். வீட்டில் இ.எல்.சி.பி. அல்லது ஆர்.சி.சி.பி. இருந்தால் உடனே விழுந்துவிடும். இல்லாவிட்டால் இயந்திரத்தைத் தொடுகிறவர் அந்த வேலையைச் செய்ய நேரும்.

ஆனால் குற்றவாளி எப்போதும் எலிமென்ட் அல்ல. கொதிகலனின் மேல் ஒட்டியிருக்கும் தெர்மோஸ்டாட்டோ, அளவுமீறிச் சூடானால் அறுந்துகொள்ளும் வெப்ப ஃபியூஸோ செத்துப்போனாலும் இதே பச்சைத் தண்ணீர்தான் வரும். எலிமென்ட் போலன்றி இவற்றை மாற்றுவது எளிது. ஆகவே ஸ்பானரை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுப்பது நல்லது.

கணக்கு பள்ளிக்கூடப் பாடம்தான். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 230 வோல்ட்டில் 1,000 வாட் எலிமென்ட்டுக்குச் சுமார் 53 ஓம். 1,200 வாட் என்றால் 44. 1,400 வாட் என்றால் 38. பிளக்கைப் பிடுங்கி, எலிமென்ட்டின் இரு முனைகளிலிருந்தும் கம்பிகளைக் கழற்றிவிட்டு அளந்தால் இதற்கு நெருங்கிய எண் வர வேண்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. எண் சரியாக இருந்தும், ஒரு முனைக்கும் கொதிகலன் உடலுக்கும் நடுவே தடை குறைவாகக் காட்டினால் கசிவு. சாதாரண மீட்டருக்குச் சிக்காத கசிவும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க 500 வோல்ட்டில் சோதிக்கும் மெக்கர் தேவை. வயரிங் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன்கள் பலரிடம் அது இருக்கும்.

கெட்டுப்போனது எலிமென்ட்தான் என்று உறுதியான பிறகே அடுத்த கேள்வி வருகிறது: அது ஏன் இறுகியிருக்கிறது?

எல்லை தாண்டிய தண்ணீர்

காபி இயந்திரங்களோடு வரும் கையேடுகள் காட்டும் வில்லன் ஒன்றே: சுண்ணாம்புப் படிவு. கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் கொதிக்கும்போது கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இந்தப் படிவு செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் மோசமாகச் சூட்டைக் கடத்துவது. எலிமென்ட்டின் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் உள்ளேயே தேங்கி உறையை வேகவைக்கிறது. மரையின் இடுக்கில் படிந்தால் சிமெண்ட் பூசியதுபோல் பிடித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டின் சமவெளிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளுக்கு இந்த விளக்கம் பொருந்தும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை ஓடு கட்டுவதைப் பார்க்காத குடும்பம் அங்கே குறைவு.

ஆரியங்கோட்டில் கதை வேறு. அது பாறசாலை சட்டமன்றத் தொகுதிக்குள் வரும் ஊர். நெய்யாற்றங்கரை, பாறசாலை வட்டாரத்தின் உள்நாட்டு மண் பெரும்பாலும் செம்புரைக்கல், அதாவது வெட்டுகல். இரு பருவமழைகளும் பெய்யும் நிலம். ஆண்டாண்டு காலமாக மழை கழுவிக்கொண்டே இருப்பதால் சுண்ணாம்பு போன்ற காரப் பொருள்கள் மண்ணிலிருந்து கரைந்து போய்விட்டன. கேரளத்தின் செம்புரைக்கல் பகுதிகளில் வீட்டுக் கிணற்று நீர் பொதுவாக மென்மையானது, சற்றே அமிலத் தன்மை கொண்டது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் பி.எச். மதிப்பு 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்கிறது. இங்குள்ள கிணறுகள் பல அந்தக் கீழ்வரம்புக்கும் கீழே நிற்கும்.

இந்தத் தண்ணீர் பாத்திரத்தில் ஓடு கட்டாது. சோப்பு நன்றாக நுரைக்கும். காபி இயந்திரத்துக்கு இதைவிட நல்ல நீர் உண்டா என்றுதான் தோன்றும். ஆனால் கடின நீர் உலோகத்தின்மீது எதையாவது சேர்க்கும். மென்மையான அமில நீர் உலோகத்திலிருந்து எடுக்கும்.

எடுப்பது எங்கே? இரண்டு உலோகங்கள் சந்திக்கும் இடத்தில். அலுமினியக் கொதிகலனில் பித்தளைத் தலையோ எவர்சில்வர் போல்ட்டோ பொருத்தியிருந்தால் தண்ணீர் பட்டதும் அது ஒரு சிறு பேட்டரி. அலுமினியம் கரைந்து, வெண்ணிறப் பொடியாக மரைக்குள்ளேயே உப்பிக்கொள்கிறது. பொடிக்குக் கன அளவு அதிகம். இடுக்கில் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். பித்தளைக் கொதிகலனில் நடப்பது இன்னும் நயவஞ்சகமானது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அமில நீர் துத்தநாகத்தை மட்டும் மெல்ல உருவிக்கொள்கிறது. மிச்சம் நிற்பது சல்லடையான செம்பு. வடிவம் மாறாது, வலிமை போய்விடும். மஞ்சளாக இருந்த மரை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது எச்சரிக்கை: ஸ்பானரின் ஒரு இழுப்பில் உதிர்ந்துவிடும்.

1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகள் மாறியபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர் தரப்பு கேட்ட நெய்யாற்றங்கரை கேரளத்தோடு தங்கிவிட்டது. அந்தக் கோடு பேச்சைப் பிரிக்கவில்லை, தண்ணீரையும் பிரிக்கவில்லை. விளவங்கோட்டு மேட்டு நிலத்திலும் அதே வெட்டுகல் உண்டு. தண்ணீர் மாறுவது கிழக்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், மழை குறைந்த நெல்லைச் சீமையில். ஆகவே களியக்காவிளையில் இருந்தாலும் பாறசாலையில் இருந்தாலும், சென்னையிலோ மிலானிலோ எழுதிய கையேட்டை அப்படியே நம்புவது ஆபத்து.

எந்தத் தண்ணீரின் வேலை என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கொதிகலனுக்குள் படிந்திருப்பதைச் சிறிது சுரண்டி எடுத்து அதன்மேல் வினிகர் சொட்ட வேண்டும். வெண்ணிறக் கட்டி நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு. வெண்ணிறப் பொடி நுரைக்காமல் கிடந்தால் அலுமினிய அரிப்பு. பச்சை நிறம் என்றால் செம்பும் பித்தளையும் கரைகின்றன. முதல் வகைக்கு சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீர் மருந்து: மரைக்குள் இருக்கும் பூச்சையும் ஓரளவு தின்றுவிடும். மற்ற இரண்டுக்கும் அதே அமிலம் நோயைக் கூட்டும்.

காப்பாற்ற வேண்டியது எது?

கழற்றும் வேலையில் இறங்கும் முன் மனதில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பழைய எலிமென்ட் இனி எதற்கும் பயன்படாது. காப்பாற்ற வேண்டியது கொதிகலனின் மரை. சொல்லக் கேட்டால் சாதாரணமாக இருக்கும். ஆனால் பட்டறையில் பெரும்பாலான சேதம் இதை மறப்பதால்தான் நடக்கிறது: செத்த எலிமென்ட்டை முழுசாக எடுக்கும் பிடிவாதத்தில் உயிரோடு இருக்கும் கொதிகலன் பலியாகிறது.

முதல் வேலை பாதுகாப்பு. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். இயந்திரம் முழுதாக ஆற வேண்டும். நீராவிக் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். நீராவிக்காகச் சூடேறிய கொதிகலனில் வெப்பம் 120 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்த நிலையில் மரையைத் தளர்த்துவது குக்கர் மூடியை விசிலுக்கு நடுவில் திறப்பது போன்றது. ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து வந்தது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

எலிமென்ட் பொருத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. தட்டையான விளிம்பை நாலைந்து போல்ட்டுகள் பிடித்திருப்பது ஒன்று. எலிமென்ட்டின் தலையே பெரிய மரையாக இருந்து கொதிகலனுக்குள் திருகிக்கொள்வது மற்றொன்று. முதல் வகையில் போல்ட் உடைந்தால் துளையிட்டு எடுத்துவிடலாம். இரண்டாம் வகைதான் கண்ணீர் வரவழைப்பது.

கொதிகலனை இயந்திரத்திலிருந்து தனியே எடுத்துவிடுவது உத்தமம். இயந்திரத்துக்குள்ளேயே வைத்துத் திருகினால் மெல்லிய தகட்டு உடல் முறுக்கிக்கொள்ளும். மரக்கட்டைகளை அணைகொடுத்து வைஸில் பிடிக்க வேண்டும். வைஸ் கொதிகலனின் கழுத்தைப் பிடிக்கட்டும், வயிற்றைப் பிடித்தால் நசுங்கும். தலையின் ஆறு பக்கங்களையும் முழுதாகக் கவ்வும் சாக்கெட் தேவை. அளவு சேராத குரடு தலையை உருட்டிவிடும்; பிறகு பிடிக்க எதுவும் மிஞ்சாது.

அடுத்தது பொறுமை. துருவை இளக்கும் எண்ணெயை மரையின் ஓரத்தில் விட்டு, மெல்லத் தட்டி, சில மணி நேரம் விட்டு, மறுபடி விட வேண்டும். ஒரு இரவு முழுக்க ஊறினால் நல்லது. பிறகு தளர்த்துவதற்கு முன் இம்மியளவு இறுக்கிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். இறுக்கும் திசையில் பூச்சு விரிசல் விட்டால் எதிர்த் திசையில் வழி கிடைக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. கண்மூடித்தனமாகச் சூடேற்றினால் பயனில்லை, உலோகம் எது என்று பார்க்க வேண்டும். 100 டிகிரி சூடேறினால் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளை வளையம் சுமார் 0.057 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு இரும்புத் தலை 0.036 மட்டுமே விரியும். வித்தியாசம் தலைமுடியின் பருமனில் ஒரு பங்கு. எண்ணெய் நுழைய அது போதும். அலுமினியம் பித்தளையைவிடவும் அதிகமாக விரியும். ஆனால் பித்தளைக்குள் பித்தளை என்றால் இரண்டும் சேர்ந்தே விரியும், இடைவெளி வராது. அப்போது வெளி வளையத்தை மட்டும் ஹாட் ஏர் கன்னால் விரைவாகச் சூடேற்றி, எலிமென்ட் தலைமேல் ஐஸ் கட்டியை வைத்துக் குளிர்விக்க வேண்டும். எண்ணெயைத் துடைத்த பிறகே சூடு காட்ட வேண்டும். காஸ் டார்ச் கூடாது: மரையின் அடியில் டெஃப்லான் வாஷர் இருக்கலாம், அளவுமீறிச் சூடான டெஃப்லானின் புகை நஞ்சு.

பலி கொடுக்கும் கட்டம்

எண்ணெயும் சூடும் தோற்றால், அல்லது மரை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், மேலும் திருகுவது தவறு. இங்கேதான் முன்பு செய்த தீர்மானம் கைகொடுக்கும். எலிமென்ட்டின் தலையை வெளியிலிருந்து அறுத்தெடுத்துவிட்டு, உள்ளே மிஞ்சிய வளையத்தில் ஹாக்ஸா பிளேடை நுழைத்து, உள்பக்கத்திலிருந்து வெளியே நோக்கி ஒரு கீறல் அறுக்க வேண்டும். கொதிகலனின் மரையைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பு நிறுத்துவதில்தான் கைத்திறன். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கீறல். பிறகு சிறிய உளியால் வளையத்தை உள்நோக்கி மடித்தால் பிடி விட்டு உதிர்ந்துவிடும். இது ஒரு மணி நேர வேலை, அவசரப்பட்டால் ஒரு நிமிட நாசம். கை பழகாதவர்கள் இந்தக் கட்டத்தில் லேத் பட்டறைக்குப் போவது புத்திசாலித்தனம். ஊர்ப்பக்கம் மோட்டார் பம்ப்பும் ரப்பர் ஷீட் அடிக்கும் உருளையும் பழுது பார்க்கும் பட்டறைக்காரருக்கு இது புது வித்தை அல்ல. காபி இயந்திரத்தை அவர் பார்த்திருக்க மாட்டார். இறுகிய மரையைப் பார்த்திருப்பார்.

மழைக்காலத்து எலிமென்ட்

புதியதைப் பொருத்துவது ஒப்பீட்டில் எளிது, ஆனால் மூன்று கண்ணிகள் உண்டு. ஒன்று, எண்ணெய். மரைக்கு விட்டது குடிக்கும் தண்ணீரில் கலக்கக்கூடாது. கொதிகலனைச் சோப்பு நீரால் கழுவி, மாட்டிய பிறகும் சில முறை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்ட வேண்டும். இரண்டு, கேஸ்கெட். பழையதைத் திருப்பிப் போடுவது சிக்கனமல்ல, கசிவுக்கு முன்பணம்.

மூன்றாவது இந்த ஊருக்கே உரியது. ஜூன் தொடங்கினால் காற்றே ஈரம். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த எலிமென்ட்டின் மக்னீசியம் ஆக்சைடு அந்த ஈரத்தை முனைகளின் வழியே உறிஞ்சியிருக்கும். புதிதாகப் பொருத்தியதும் ஆர்.சி.சி.பி. விழும். கடைக்காரர் கெட்ட சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று சண்டை வரும். மாட்டுவதற்கு முன் மெக்கரில் பார்த்து, தடை குறைவாக இருந்தால் ஓவனில் 120 டிகிரி அளவில் சில மணி நேரம் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈரம்தான் காரணம் என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. 30 மில்லிஆம்பியர் கசிவுக்கு விழும் அந்தச் சிறு பெட்டிதான் சமையலறையில் ஈரக் கையோடு நிற்பவரின் காவல்.

மாட்டிய பிறகு முதலில் தண்ணீர், பிறகு மின்சாரம். கொதிகலன் நிரம்பி, நுனிக்குழாயில் தண்ணீர் வந்த பிறகே சூடேற்றும் சுவிட்ச். இந்த வரிசை மாறினால் புது எலிமென்ட் முதல் காபிக்கு முன்பே கருகும்.

தண்ணீரையும் மாற்றாவிட்டால் சில வருடங்களில் இதே நாடகம் திரும்ப நடக்கும். அமிலக் கிணற்று நீருக்குக் கால்சைட் கற்கள் நிரப்பிய வடிகட்டி உண்டு. நீர் அதைக் கடக்கும்போது அமிலம் தணிகிறது. ஆர்.ஓ. நீர் சர்வரோக நிவாரணி அல்ல. உப்பெல்லாம் நீங்கிய நீரும் உலோகத்தை அரிக்கும். நீர் மட்டத்தை மின்கடத்தல் மூலம் உணரும் இயந்திரங்களில் அந்தச் சுத்தம் வேறு குழப்பத்தை உண்டாக்கும்: தண்ணீர் இருந்தும் இல்லை என்று இயந்திரம் நினைத்துக்கொள்ளும்.

திறக்க முடியாத பெட்டிகள்

இத்தனையும் திறக்கக்கூடிய கொதிகலனுக்குத்தான். வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் எலிமென்ட் அலுமினிய வார்ப்புக்குள்ளேயே புதைந்திருக்கிறது. மரையே கிடையாது. எலிமென்ட் போனால் கொதிகலனே போனது. கொதிகலன் தனியே கிடைத்தால் அதிர்ஷ்டம். துபாயிலோ தோஹாவிலோ வாங்கிய மாடலுக்கு இந்தியாவில் உதிரி கிடைக்காமல் போவது வழக்கமான அனுபவம். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலும் நாகர்கோவிலிலும் கெய்சர், கெட்டில் எலிமென்ட்டுகள் கிடைக்கும். மரை அளவும் வளைவும் சேர வேண்டுமே. அளவு கொடுத்தால் செய்துதரும் பட்டறைகள் கோவை, சென்னை போன்ற தொழில் நகரங்களில் உண்டு. அதற்கும் பழைய எலிமென்ட்டின் மரை, நீளம், வாட் மூன்றையும் சரியாக அளந்து சொல்ல வேண்டும். அறுத்து வீசிய பிறகு அளவு தேடிப் பயனில்லை.

பழுது பார்க்கும் உரிமை என்ற பேச்சு அரசாங்க அளவிலும் எழுந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழுவை அமைத்தது. அதே வருட டிசம்பரில் விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளுக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுது பார்ப்பதை ஊக்குவிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல தொடக்கங்கள். ஆனால் ஒரு பொருளைப் பழுது பார்க்க முடியுமா என்பது வடிவமைப்பாளரின் மேசையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. எலிமென்ட்டுக்கு ஆறு பக்கத் தலை வைப்பதா, வார்ப்புக்குள் புதைப்பதா என்ற தீர்மானத்தை எந்த உரிமைச் சட்டமும் பின்னால் வந்து மாற்ற முடியாது. வாங்குகிறவர் கடையிலேயே கேட்கலாம்: எலிமென்ட் தனியே கழலுமா, கொதிகலன் எந்த உலோகம், உதிரி எங்கே கிடைக்கும்? நிறத்தையும் நுரையையும் விசாரிக்கும் அளவுக்கு இந்த மூன்றையும் யாரும் விசாரிப்பதில்லை.

சமோவரைச் செய்தவருக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. நெருப்பு இருக்கும் இடம் தினமும் சுத்தம் செய்ய வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கை நுழைய வழி விட்டுச் செய்தார். வீட்டுக் கொதிகலனில் அந்த வழி ஒரு மரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை உள்ளே பார்த்து, படிவின் நிறத்தைக் கவனித்து, தண்ணீரைச் சரிசெய்துகொண்டால், காயில் போகும் நாள் வரும்போது அந்த வழி திறந்திருக்கும்.